மூன்று ஸ்லைடு, ஒரே ஊசி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோசைக்கல்லில் மாவை ஊற்றிய கையோடு போனை எடுத்தேன். அஷ்வினி பேசினாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது ஆராய்ச்சி செய்கிற பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். கன்னடம் தண்ணீராய் வரும், தமிழ் கொஞ்சம் முட்டும்.

"ஆன்ட்டி, ஒந்து டவுட்டு. ஹெர்பேரியத்துல ஒரு பாக்கெட் சிக்குச்சு. அதுல உங்க பேர் இருக்கு."

"என் பேர் ஆயிரம் பாக்கெட்டுல இருக்கும் கண்ணு. சேகரித்தவர் பழனியம்மாள்னு நான்தானே எழுதி எழுதிக் கை தேஞ்சேன்."

"அது அல்ல ஆன்ட்டி. சேகரிச்சவங்க எடத்துல இல்ல. இனத்தோட பேராவே இருக்கு. ஒரு லைக்கனுக்கே உங்க பேர் வெச்சிருக்காங்க. ஆனா எந்தப் புத்தகத்துலயும் அப்படி ஒரு இனமே இல்ல."

தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கிற இடம், அதன் அலமாரியில் இருக்கிறதை எல்லாம் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஒவ்வொரு மாதிரிக்கும் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "என்ன ஆச்சுன்னு ஒரு வரி சொன்னாப் போதும் ஆன்ட்டி, டைப் பண்ணிடறேன்" என்றாள். ஒரு வரியில் சொல்லக்கூடிய சங்கதியா அது? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லைக்கன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் ஒருத்தருக்கும் புரியாது. கல்பாசி என்று சொன்னால் உடனே புரியும். "அதையா ஆராய்ச்சி பண்றீங்க? வரும்போது அரைக் கிலோ கொண்டாங்க, பிரியாணிக்கு ஆகும்" என்பார்கள். இப்படிக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியிருந்தால் அதையே ஒரு கட்டுரையாகப் போட்டிருக்கலாம். பூஞ்சையும் பாசியும் ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற உயிர் அது. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சமையலுக்கு ஆகிற கல்பாசி அந்த வம்சத்தில் ஒரு வகை மட்டும்தான்.

நாங்கள் பார்த்தது அந்த வம்சத்தின் கடைக்குட்டியை. மரப்பட்டையின் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு தண்டு இருக்கும். அதன் நுனியில் குண்டூசிக்கு இருப்பதுபோல ஒரு தலை. தலை முழுக்கத் தூள், தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். அந்தத் தூள்தான் ஸ்போர், அதாவது அதன் விதை. மூன்று நாள் சவரம் செய்யாத மோவாய் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்தப் பட்டை. கண்ணை நம்பி இனம் பிரிக்க முடியாது, பத்து இனமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்போரை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நீளம் அகலம் அளந்து, அதன் தோல் வழவழப்பா, வெடிப்பா, வரி ஓடுகிறதா என்று பார்த்தால்தான் இது இன்னது என்று சொல்ல முடியும்.

என் ஊர் கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகாவில் கௌதள்ளி. மைசூரில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன், டைப்பிங் படித்தேன், கல்யாணம் ஆனது, தற்காலிக உதவியாளராக நிலையத்தில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் பாக்கெட் மடித்தது, லேபிள் எழுதியது, நாப்தலின் உருண்டை போட்டது, இவ்வளவுதான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலாவது வருஷம் லைக்கன் பிரிவுக்குத் தலைவராக வேதவல்லி மேடம் வந்தார்.

மேடம் என்னைவிட மூன்று வயது சின்னவர். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம், வீடு மைசூர் அக்ரஹாரத்தில். அவர்கள் வீட்டுத் தமிழ் ஒரு மாதிரி, என் கௌதள்ளித் தமிழ் ஒரு மாதிரி. நிலையத்தில் மற்ற எல்லாரிடமும் கன்னடம் பேசுவோம், எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் ஆளுக்கு ஒரு தமிழ். மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தவறு கண்டால் திட்டமாட்டார். லேபிளை என் மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலையும் வைத்துவிட்டுப் போவார். என்ன தவறு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். திட்டியிருந்தால் அரை மணியில் மறந்திருப்பேன். அந்தப் பென்சிலைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

அவருக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, அலமாரியில் இருக்கிற பாக்கெட்டிலிருந்து பழைய சீட்டை எடுக்கக்கூடாது. இதை இன்ன இனம் என்று ஒருத்தர் எழுதி ஒட்டியது தவறாக இருந்தால், அதற்குப் பக்கத்தில் நம் சீட்டை ஒட்டி, பேரும் தேதியும் போடலாம். அடுத்தவர் தவறைக் கிழித்தெறிய நமக்கு உரிமை இல்லை. இது உலகத்தில் எல்லா ஹெர்பேரியத்திலும் உள்ள வழக்கம், மேடத்துக்கு வேதவாக்கு. இரண்டாவது விதி மேடத்தின் சொந்த விதி. ஒரு பட்டைத் துண்டில் இருபது தண்டு இருந்தால், நல்ல தலைகளைத் தொடக்கூடாது. வாடியது, சாய்ந்தது, பாதி உதிர்ந்தது எதுவோ அதைத்தான் ஸ்லைடுக்கு எடுக்க வேண்டும். "நல்லதெல்லாம் நாளைக்கு வரவாளுக்கு வேணும், பழனி" என்பார். கையிருப்பு அவ்வளவு கொஞ்சம், அதனால் இந்தச் சிக்கனம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் தற்காலிகமாகச் சேர்ந்து ஏழு வருஷம் ஆனபோது, என்னை நிரந்தரம் ஆக்குகிற ஃபைல் ஒருவழியாக நகரத் தொடங்கியது. அதே சமயத்தில் மேடத்துக்குப் பதவி உயர்வு நேர்காணல் வரவிருந்தது. ஒரு புது இனமாவது கண்டுபிடித்திருந்தால் நல்லது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் மார்கழி கழிந்ததும் மேடமும் நானும் மாதேஸ்வரன் மலைப் பக்கம் ஐந்து நாள் சேகரிப்புக்குப் போனோம். கொள்ளேகாலிலிருந்து பஸ்.

இந்த லைக்கனைத் தேடுகிற விதத்தை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். மழை அடிக்காத பக்கமாகப் பார்த்து மரத்தோடு முகத்தை ஒட்டி நிற்க வேண்டும். லென்ஸைக் கண்ணில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அப்போதுதான் தண்டு தெரியும். மலைப்பாதையில் ஒரு வளைவில் பாதி பட்டுப்போன பெரிய மரம் ஒன்று இருந்தது. மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். நடந்து கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "இங்க என்ன சாமிங்க?" என்று கேட்டாள். மேடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரொம்பச் சின்ன சாமி" என்றார். கிடைத்தது ஐந்தே தண்டு. உளியால் பட்டையோடு பெயர்த்து எடுத்து எண் போட்டேன். திரும்பும் வழியில் கௌதள்ளியில் என் அண்ணன் தோட்டத்துப் புளியமரத்திலிருந்து ஒரு பட்டை எடுத்தேன். அதில் நாற்பது தண்டுக்கு மேல் இருந்தது.

மைசூர் வந்து பட்டைகளை எல்லாம் நிழலில் உலர்த்தி, பத்து நாள் கழித்துப் பார்க்க உட்கார்ந்தேன். அன்று ஒன்பது பாக்கெட். எதை எந்த வரிசையில் தொட்டேன் என்று தினக்குறிப்பில் எழுதிக்கொண்டே போக வேண்டும். எட்டாவது அந்த மலை மரத்தின் பட்டை. ஐந்தே தண்டு இருந்ததால் ஸ்லைடு போட மனம் வரவில்லை. ஊசி நுனியால் ஒரு தலையை லேசாகத் தொட்டுப் பார்த்தேன், தூள் ஒட்டியது. நம் வகைதான் என்று குறித்துக்கொண்டு மூடி வைத்தேன். அடுத்து ஊசியை ஸ்பிரிட்டில் முக்கி, விளக்கில் காட்டித் துடைக்க வேண்டும்.

அப்போது ஆபீஸ் கிளார்க் வாசலில் வந்து நின்று, டைரக்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள் என்றார். என் நிரந்தர ஃபைல்தான். ஏழு வருஷமாக ஒவ்வொரு மார்ச் மாதமும் வேலை இருக்குமோ போகுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் நான். ஓடினேன். நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிரிவுத் தலைவரிடமிருந்து குறையில்லாத வேலை என்று ஒரு அறிக்கை வந்தால் போதும், ஒரு மாதத்தில் ஆர்டர் என்றார்கள். திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. உட்கார்ந்தேன், ஒன்பதாவது பாக்கெட்டைத் திறந்தேன், ஊசியை எடுத்தேன். ஊசியைத் துடைக்கவில்லை.

ஒன்பதாவது, அண்ணன் தோட்டத்துப் புளியமரம். மேடத்தின் விதிப்படி வாடிய தலை ஒன்றைப் பார்த்து எடுத்து ஸ்லைடு போட்டேன். அது முழுக்க உதிர்ந்து காலியாக இருந்த தலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் சந்தோஷப்பட்டால் செய்கிற காரியம் அது, வேறு அடையாளம் கிடையாது.

"பழனி, இங்க வந்து பாருங்கோ."

பார்த்தேன். ஸ்போர் ஒவ்வொன்றின் மேலும் திருகாணியில் இருப்பதுபோல வரி சுற்றிச் சுற்றி ஓடியது. புளியமரத்தில் வளர்கிற அந்த வகைத் தண்டுக்கு இப்படி வரி இருப்பதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"இன்னும் ரெண்டு ஸ்லைடு பண்ணுங்கோ."

அதே வாடிய தலையின் மிச்சத்திலிருந்து பண்ணினேன். ஒரே மாதிரியிலிருந்து எடுக்கும்போது நடுவில் ஊசியைத் துடைக்கிற வழக்கம் இல்லை. இரண்டாவதிலும் அதே வரி, மூன்றாவதிலும் அதே வரி. மேடம் எண்ணிக் குறித்துக்கொண்டார். முதல் ஸ்லைடில் இருபத்து மூன்று ஸ்போர், இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் இரண்டு.

அடுத்த நாலு மாதம் மேடம் அதை எழுதினார். ஒரு நாள் மத்தியானம் பாக்கெட்டை என் முன்னால் வைத்தார், பென்சில் இல்லாமல். அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. இனத்தின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் லத்தீன் எழுத்தில் என் பேர், கடைசியில் லத்தீன் வால்.

"உங்க அண்ணா தோட்டம், நீங்க எடுத்தது, நீங்க பண்ணின ஸ்லைடு. வேற யார் பேர் வைக்கறது?"

வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபிட்டர், கிண்டலுக்குக் குறைவில்லாத மனுஷர். "காலேஜுக்குப் பேரு வெப்பாங்க, ரோட்டுக்குப் பேரு வெப்பாங்க. என்ர பொண்டாட்டி பேரைப் புளியமரத்துல மொளைக்கற முடிக்கு வெச்சிருக்காங்க" என்று தெரு முழுக்கச் சொன்னார். சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான். பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

கட்டுரையை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. ஸ்போரின் படம் இன்னும் தெளிவாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேடம் இந்த ஒரு தடவை மட்டும் நல்ல தலையிலிருந்து எடுக்கச் சொன்னார். புது ஊசி பிரித்து, நல்ல தலை ஒன்றை எடுத்து ஸ்லைடு போட்டேன். நூற்றுக்கணக்கில் ஸ்போர். ஒன்றிலும் வரி இல்லை. எல்லாம் எங்கும் கிடைக்கிற சாதாரண இனத்தின் ஸ்போர். இன்னொரு தலை எடுத்தேன், இன்னொன்று எடுத்தேன். ஐந்து ஸ்லைடிலும் வரி இல்லை.

அப்போதுதான் அந்த எண்கள் நினைவுக்கு வந்தன. இருபத்து மூன்று, ஏழு, இரண்டு. உண்மையில் அந்தத் தலையின் ஸ்போராக இருந்திருந்தால் மூன்றிலும் சரமாரியாக இருந்திருக்கும். ஊசியில் ஒட்டியிருந்தது ஸ்லைடுக்கு ஸ்லைடு கரைந்துகொண்டு வந்திருக்கிறது. கிளார்க் வந்து கூப்பிட்டது, நான் ஓடியது, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. ஐந்து ஸ்லைடையும் பெட்டியில் போட்டு மூடினேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் தவிர. அவர் கிண்டல் செய்யவில்லை.

"ஆர்டர் வந்துருச்சா புள்ள?"

"இல்லீங்க. மேடத்தோட ரிப்போர்ட்டு போகோணும்."

"அப்பப் பேசாம இரு. முடியளவு சாமான். எவன் வந்து பாக்கப் போறான்? ஆர்டர் கைக்கு வந்தப்பறம் சொல்லிக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், இரண்டு பேர் சம்பாத்தியத்தில் ஓடுகிற குடும்பம். மாதக்கணக்கில் இழுத்த அந்த அறிக்கையைக் கேட்டு அப்போதுதான் மேடத்துக்குத் தாள் வந்திருந்தது. குறையில்லாத வேலை என்று அவர் எழுத வேண்டிய அதே வாரத்தில் போய் நான் என் குறையைச் சொல்ல வேண்டும். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுரைக்கான படத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஸ்போரின் மேல் ஒவ்வொரு வரியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். ஒரு வரி பிசகினால் வேறு தாளில் முதலிலிருந்து. அது மூன்றாவது தாள். இல்லாத ஒன்றுக்காக அந்த மனுஷி அப்படிக் கண்ணைப் போட்டுக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"மேடம், அந்தப் புளியமரத்துது புது இனம் இல்லீங்க."

பேனாவை எடுக்காமல், "ஏன் சொல்றேள்?" என்றார்.

"நல்ல தலைல அஞ்சு ஸ்லைடு போட்டனுங்க. எல்லாம் சாதா ஸ்போருங்க. அன்னைக்குப் பாத்தது வேற எதோடதோ. ஊசியத் தொடைக்கலீங்க நானு. ஆபீசுல கூப்புட்டாங்கன்னு ஓடிட்டு, வந்து அப்படியே எடுத்துட்டனுங்க."

மேடம் அந்த வரியைப் போட்டு முடித்தார். பேனாவை மூடினார். பழைய மூன்று ஸ்லைடையும் கேட்டு வாங்கி, மறுபடியும் எண்ணினார். எண்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கும் கண் இருந்ததே" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை, தனக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு சாதாரணக் குரலில் கேட்டார்: "சரி. இந்த வரி போட்ட ஸ்போர் ஆகாசத்துலேர்ந்து வரலை. அதுக்கு ஒரு சொந்தக்காரா இருக்கணும். அன்னிக்கு எதையெல்லாம் தொட்டேள்?"

தினக்குறிப்பைப் பிரித்தோம். ஒன்பதுக்கு முன்னால் எட்டு, மலை மரம், ஐந்து தண்டு. புது ஊசியால் ஒரு தலையை எடுத்து மேடமே ஸ்லைடு போட்டார். திருகு வரி ஓடிய ஸ்போர் நிறைய இருந்தது. புது இனம் உண்மைதான், வீடுதான் மாறிவிட்டது. ஆனால் மிச்சம் நாலு தண்டை வைத்துக்கொண்டு ஒரு இனத்தை விவரிக்க முடியாது, இன்னும் வேண்டும்.

அன்றைக்கே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். "டைரக்டருக்கும் நகல் போகும். நீங்கோ கையைக் கழுவிண்டு மத்த பாக்கெட்டைப் பாருங்கோ" என்றார். பாக்கெட்டில் தன் முதல் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது சீட்டு ஒட்டினார்: சாதாரண இனம், தயாரிப்பில் பிழை, முந்தைய பேர் கைவிடப்பட்டது. அடியில் அவர் பேர், தேதி.

டைரக்டர் கூப்பிட்டுக் கிழிப்பார், ஃபைல் குப்பைக்குப் போகும் என்று தினமும் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது, நிரந்தரம். மாதேஸ்வரன் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். வேலை நிலைத்தால் வீட்டுக்காரருக்கு மொட்டை போடுவதாக அவரைக் கேட்காமலேயே வேண்டியிருந்தேன். போட்டுக்கொண்டார் பாவம். ஒரு வாரம் கழித்து அவர் தலையில் முளைத்ததைத் தடவிப் பார்த்து, "உங்க ஆபீசு லைக்கன் மாதிரியே வருது பாரு" என்றார்.

மேடத்துக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. திரும்பப் பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறதே என்று நேர்காணலில் கேட்டார்களாம். வேறு பிரிவிலிருந்து ஒருவர் மேலே போனார். மேடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேல் கோபம் என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் தண்டு வேண்டும் என்று அதே வளைவுக்கு மறுபடியும் போனோம். சுற்றிலும் பட்டுப்போன மரங்கள் எல்லாம் போயிருந்தன, நடைப்பயணமாக வருகிறவர்கள் சமைக்க விறகாக வெட்டியிருந்தார்கள். எங்கள் மரம் மட்டும் நின்றது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டி, அடியில் ஒரு கல்லும் நட்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கன்னம் வைத்து நின்றதைப் பார்த்தவர்கள் செய்த வேலை. கை எட்டுகிற உயரம் வரை மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து எங்கள் தண்டுகளை மூழ்கடித்துவிட்டன. கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லின் மேல் ஏறினேன், அந்தக் கல் இல்லை, வேறு கல். மஞ்சள் எட்டாத உயரத்தில், மழை படாத பக்கத்தில், முப்பதுக்கு மேல் தண்டு இருந்தது.

அதை மேடம் முறைப்படி எழுதி வெளியிட இரண்டு வருஷம் ஆனது. பேர் வைக்கும்போது, "உங்க பேர் இன்னும் சும்மாத்தான் இருக்கு" என்றார். வேண்டாம் என்றேன். மலையின் பேரை வைத்தார். இப்போது டி.என்.ஏ. பார்த்து அதையும் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மாற்றட்டும், அவர்களும் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள்.

இவ்வளவையும் சொல்ல அஷ்வினிக்குப் போன் செய்தேன். "ஊசி துடைக்காதது நான்தான், அப்படியே போட்டுக்கோ" என்றேன்.

"இல்லையே ஆன்ட்டி. பழைய கடிதம் ஃபைல் பார்த்தேன். பத்திரிகைக்கு மேடம் எழுதின லெட்டரோட நகல் இருக்கு. அதுல வேற மாதிரி இருக்கு. எது சரி?"

போனில் படம் அனுப்பினாள். டைப் அடித்த கடிதம். ஸ்லைடு தயாரிக்கும்போது தான் ஊசியைச் சுத்தம் செய்யத் தவறியதாகவும், பிழை முழுக்கத் தன்னுடையது என்றும் மேடம் எழுதியிருந்தார். உதவியாளர் ஒருவர் இருந்ததாகவே அதில் இல்லை. கடைசி வரியில், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும் என் பேர் இருந்தது.

லேபிளில் ஒரு புள்ளி தவறினாலும் பென்சில் வைத்துவிட்டுப் போகிற மனுஷி எழுதியது அது. எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

மறுநாள் காலை அக்ரஹாரத்துக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி, மேடம் கூடத்தில் உட்கார்ந்து ஏலக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏலக்காய் வைத்திருந்த காகிதம் எங்கள் ஹெர்பேரியம் மடிப்பில் மடித்திருந்தது. கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இது நீங்க எழுதினதுங்களா மேடம்?"

போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "ஆமாம். டைப்பிங்ல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"ஊசி உங்க கையிலயா இருந்துச்சு?"

"எண்ணினது யாரு? இருபத்திமூணு, ஏழு, ரெண்டுன்னு எறங்கறது. பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்குக்கூட சந்தேகம் வரும். எனக்குப் புது இனம் வேணும்னு ஆசை, கண்ணை மறைச்சுடுத்து. கட்டுரைல கையெழுத்துப் போட்டவாதான் பொறுப்பு."

"அது வேறங்க. தொடைக்காதது நானு. நீங்க எழுதினது பொய்யிங்க."

ஏலக்காயை மடித்து வைத்தார். "உங்க ஃபைல் டைரக்டர் மேஜைல இருந்தது, பழனி. நகல் அவருக்குத்தானே போறது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தேழு வயதில் இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். மேடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இது தெரியாம மாதேஸ்வரனுக்கு எங்க வூட்டுக்காரரு மொட்ட போட்டாருங்க மேடம்" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நான் இப்பச் சீட்டு எழுதப் போறனுங்க. நடந்தத நடந்தபடி."

"எழுதுங்கோ. இப்ப உங்களை யாரும் வேலைய விட்டு எடுக்க முடியாது. என் சீட்டைக் கிழிக்கப்படாது, அவ்வளவுதான்."

"கிழிக்கற பழக்கம் நமக்கு எப்பங்க இருந்துச்சு?"

அங்கிருந்து நேராக நிலையத்துக்குப் போனேன். அஷ்வினி பாக்கெட்டை எடுத்து வைத்திருந்தாள். பட்டைத் துண்டு அப்படியே இருக்கிறது, நல்ல தலைகள் எல்லாம் பத்திரமாக. குறிப்புக் கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டாள். மூன்று சீட்டையும் படம் எடுத்துப் போடு, படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றேன்.

"ரெண்டுதானே இருக்கு ஆன்ட்டி?"

அவளிடம் பேனாவும் சீட்டும் வாங்கி எழுதினேன். எட்டாவது பாக்கெட்டைத் தொட்ட ஊசியைத் துடைக்காமல் ஒன்பதாவதைத் தொட்டது நான், வேதவல்லி அல்ல. எழுத்து கோணவில்லை. அடியில் பேர் எழுதித் தேதி போட வேண்டும். அந்தப் பாக்கெட்டில் முதல் சீட்டில் என் பேரை மேடம் எழுதினார். இரண்டாவது சீட்டில் என் பேரை எழுதாமல் விட்டார். மூன்றாவதில் நானே எழுதினேன், முழுப் பேராக.